கர்ப்பத்தில் கார்டிசால் அதிகம் என்றால் பிரசவம் வரை காத்திருக்கலாமா?

4 பிப்ரவரி 2024, ஒரு வாசகர் கேட்டது

என் தங்கைக்கு 17ஆவது வாரம். பிபி கூடிவிட்டது, சுகரும் கூட. ரத்தத்தில் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு. கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்க, இரவில் டெக்ஸாமெதாசோன் மாத்திரை கொடுத்துக் காலையில் ரத்தம் எடுத்தார்கள், அதிலும் அடங்கவில்லை. ஒரு மருத்துவர் குஷிங் நோய், அதாவது உடம்பில் கார்டிசால் அளவுக்கு மீறி இருக்கும் கோளாறு, என்கிறார். இன்னொருவர், கர்ப்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், பிரசவம் முடியட்டும் என்கிறார். எனக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. கார்டிசால் டென்ஷனால் ஏறுவதுதானே? மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதியைத்தான்.

அந்த இரண்டு சோதனைகளும் எதையும் நிரூபிக்கவில்லை என்பது உண்மை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, கார்டிசாலைச் சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் அதிகமாகத் தயாரிக்கும். ரத்தத்தில் அளப்பது சுமந்து செல்லப்படுவதையும் சேர்த்து மொத்தக் கணக்கு. அதனால் நல்ல ஆரோக்கியமான கர்ப்பத்திலேயே அது இரண்டு, மூன்று மடங்கு ஏறும். இது போதாதென்று நஞ்சுக்கொடியும் தன் பங்குக்கு சிஆர்எச், ஏசிடிஎச் என்ற தூண்டும் ஹார்மோன்கள் இரண்டையும் சுரந்து, கார்டிசாலைத் தயாரிக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக்கொண்டிருக்கும். டெக்ஸாமெதாசோனுக்கு அடங்காமல் இருப்பதும் கர்ப்பிணிகளிடம் சகஜம். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2008 வழிகாட்டுதலே கர்ப்பிணிகளுக்கு டெக்ஸாமெதாசோன் வேண்டாம், 24 மணி நேரச் சிறுநீரைப் பாருங்கள் என்கிறது.

ஆனால் "சோதனை செல்லாது" என்பதிலிருந்து "நோய் இல்லை" என்று எப்படித் தாவுகிறீர்கள்? அந்தத் தாவலில்தான் மாதங்கள் போகின்றன.

தங்கையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா? காரணமே தெரியாமல் கன்றிப்போன கறுப்புத் தடங்கள் உடம்பில் இருக்கின்றனவா? வயிற்றுக் கோடுகள் என்ன நிறம், எவ்வளவு அகலம்?

5 பிப்ரவரி

நான் மருத்துவர் இல்லை. அட்ரினல் கட்டியோடு கர்ப்பமாக இருந்தவள். ஏன் அந்த மூன்று கேள்விகள் என்று இருவர் கேட்டிருந்தார்கள்.

எடை கூடுவது, முகம் ஊதுவது, களைப்பு, முகப்பரு, தூக்கமின்மை, அழுகை, பிபி, சுகர் எல்லாமே கர்ப்பத்திலும் வரும், குஷிங்கிலும் வரும். இவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. கர்ப்பம் செய்யாததை, செய்தாலும் அபூர்வமாகவே செய்வதைத்தான் தேட வேண்டும். தொடை, தோள் தசைகள் கரைவது. லேசாகப் பட்டாலே தோல் கன்றிப்போவது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாய், கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள், அதுவும் வயிற்றோடு நிற்காமல் அக்குளிலும் தொடையிலும். இருமியதற்கே விலா எலும்பு விரிசல் விடுவது. பொட்டாசியம் அளவு இறங்கிக்கொண்டே போவது.

என் விஷயத்தில் துப்பு கொடுத்தது பிபி பார்க்கும் பட்டைதான். ஒவ்வொரு முறை கட்டி எடுத்த பிறகும் மேற்கையில் வளையம் போட்டது போல ஒரு கன்றிய தடம். இரண்டு விரல் அகலம். ஓரத்தில் மஞ்சள், நடுவில் நாவற்பழ நிறம். பரிசோதனை அறையில் எல்லோரும் பட்டைக்கு மேலே ஓடும் எண்ணைப் பார்த்தார்களே தவிர, பட்டைக்குக் கீழே இருந்த தோலைப் பார்க்கவில்லை. ஒரு பயிற்சி நர்ஸ்தான் "இது என்னம்மா?" என்று கேட்டாள். கைகள் குச்சியாய், வயிறும் முகமும் பெருத்து இருந்தேன். "கர்ப்பக் களை" என்று எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போனார்கள்!

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

டென்ஷன் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்துபோனது. மனஅழுத்தம் கார்டிசாலைக் கொஞ்சம் ஏற்றும். ஆனால் தொடைத் தசையைக் கரைத்து, தோலைக் காகிதமாக்கும் அளவுக்கு ஏற்றாது. "டென்ஷனைக் குறைத்துக்கொள்" என்பது இங்கே யாருக்கும் மருந்தாகாது. கட்டி சுரந்துகொண்டிருக்கும்போது மூச்சுப்பயிற்சி செய்யச் சொன்னால் டென்ஷன்தான் ஏறும்.

7 பிப்ரவரி

சரி, எந்தச் சோதனை செல்லும்?

ஒன்று, 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் கட்டற்ற கார்டிசால். புரதத்தின் சுமை இதில் வராது. முதல் மூன்று மாதத்தில் இது சாதாரணப் பெண்களின் அளவிலேயே இருக்கும். அதன் பிறகு இயல்பான கர்ப்பத்திலும் ஏறும். மூன்று மடங்கு வரைகூடப் போகலாம். அதனால் நான்காம் மாதத்திலிருந்து, உச்ச அளவின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் குஷிங் என்று பலமாகச் சந்தேகிக்கிறார்கள். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் "அதிகம்" என்று வந்தாலே பதற வேண்டாம். அந்த அளவுகோல் கர்ப்பிணிகளுக்காகப் போட்டதல்ல.

இன்னொன்று, நள்ளிரவு உமிழ்நீர். இயல்பான கர்ப்பத்தில் கார்டிசால் மொத்தமாக உயர்ந்தாலும் காலையில் ஏறி இரவில் இறங்கும் தாளம் கலையாது. இரவின் அடிமட்டம் சற்று உயரும், அவ்வளவே. குஷிங்கில் அந்த இறக்கமே இருக்காது. என்னைக் கேட்டால் கர்ப்பிணிக்கு இதுதான் அருமையான சோதனை. ஊசி இல்லை, வீட்டிலேயே எடுக்கலாம்.

ஆனால் எடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது எல்லாம். இரவு 11 மணிக்கு மேல் ஒரு சிறு பஞ்சுருளையை வாயில் வைத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உருட்டி ஊறவைத்து, கையால் தொடாமல் குழாய்க்குள் துப்ப வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, பல் துலக்கல் எதுவும் கூடாது. கர்ப்பத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது சாதாரணம், அதுதான் இதில் வில்லன். ரத்தத்திலிருக்கும் கார்டிசால் உமிழ்நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஒரு துளி கலந்தாலே முடிவு பொய்யாகிவிடும். பஞ்சு இளஞ்சிவப்பாக இருந்தால் அனுப்பாதீர்கள், மறுநாள் எடுங்கள். கையில் ஸ்டீராய்டு களிம்பு பூசியவர் அந்தப் பஞ்சைத் தொட்டாலும் இதே கதைதான்.

இரண்டு சோதனையையும் ஒரு தடவையோடு விடக் கூடாது. குறைந்தது இரண்டு முறை செய்து, இரண்டும் ஒரே திசையைக் காட்டினால்தான் கணக்கு.

7 பிப்ரவரி, பின்னிரவு

சிறுநீர்ச் சேகரிப்பு எப்படி என்று ஒருவர். காலையில் எழுந்ததும் முதலில் போவதைக் கொட்டிவிடுங்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒன்று விடாமல் கேனில். மறுநாள் காலை அதே நேரத்தில் போவது கடைசி, அதுவும் கேனில். கர்ப்பிணி எத்தனை தடவை போவாள் என்பதைக் கேன் தயாரிப்பவர்கள் யோசித்ததே இல்லை. இரண்டாவது கேனையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரில் தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டோமா என்பது அதில் தெரியும்.

8 பிப்ரவரி

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் குஷிங் தோற்றத்துக்கு உலகத்திலேயே முதல் காரணம் வெளியிலிருந்து உள்ளே போகும் ஸ்டீராய்டுதான். ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி, முகம் வெளுக்கப் பூசும் களிம்பு, பெயர் ஒட்டாத மூலிகைப் பொடி. "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் யாரும் களிம்பைச் சொல்வதில்லை. அது மருந்தென்றே மனதில் படாது. ஆளைப் பார்த்தால் குஷிங் போல, ஆனால் கார்டிசால் தரைமட்டம் என்று வந்தால் இதைத்தான் தேட வேண்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்களும் கவனியுங்கள். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளைக் குழப்பும்: கார்டிசாலை ஏற்றியும் ஏசிடிஎச்சை இறக்கியும் காட்டும். இல்லாத அட்ரினல் கட்டி காகிதத்தில் முளைத்துவிடும்.

11 பிப்ரவரி

தங்கையின் முடிவுகள் வந்திருக்கின்றன. சிறுநீரில் நான்கு மடங்குக்கு மேல், இரண்டு தடவையும். உமிழ்நீரிலும் இரவு இறக்கம் இல்லை. தரையிலிருந்து எழ முடியவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆக, விவாதத்தின் முதல் பாதி முடிந்தது.

அடுத்த கமென்ட்டில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "ஏசிடிஎச் அடங்கவில்லை, அதனால் அட்ரினல் இல்லை, பிட்யூட்டரிதான்." ஏசிடிஎச்சைச் சுரந்து அட்ரினலை ஏவுவது மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அதனால் கர்ப்பிணி அல்லாதவருக்கு இது பெரும்பாலும் சரி. அட்ரினல் கட்டி தானாகச் சுரந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், ஏசிடிஎச் அடிமட்டத்துக்குப் போகும். கர்ப்பத்தில் பிட்யூட்டரி மூடிக்கொண்டாலும் நஞ்சுக்கொடி மூடாது. அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அட்ரினல் கட்டி இருந்தும் ஏசிடிஎச் நடுவாந்திரமாகக் காட்டும். எனக்கும் அப்படித்தான் காட்டியது; தலையை ஸ்கேன் செய்யப் புறப்பட்டார்கள். அட்ரினல் நோய்களில் அனுபவமுள்ள மூத்த மருத்துவர் ஒருவர் குறுக்கே வந்து "முதலில் வயிற்றைப் பாருங்கள்" என்றார். இடது சிறுநீரகத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது கட்டி.

படம் எடுப்பதில் அல்ட்ராசவுண்ட் முதலில். அதில் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ, கேடோலினியம் மருந்து ஏற்றாமல். சிடி வேண்டாம். பிட்யூட்டரி எம்ஆர்ஐயில் இரண்டு வம்பு. கர்ப்பத்தில் அந்தச் சுரப்பியே வீங்கும். அதோடு, எந்த நோயும் இல்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்குச் சின்னப் புள்ளி ஏதாவது தெரியும். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளியைப் பார்த்ததும் "கிடைத்துவிட்டான் திருடன்" என்று கிளம்பக் கூடாது.

12 பிப்ரவரி

குஷிங் இருந்தால் கருத்தரிக்கவே முடியாது என்று படித்தேனே என்ற கேள்விக்கு.

பெரும்பாலும் உண்மை. அதிகக் கார்டிசாலும் ஆண்தன்மை ஹார்மோன்களும் சேர்ந்து கருமுட்டை வெளிவருவதையே தடுத்துவிடும். அதனால்தான் மருத்துவ இதழ்களில் பதிவானவையே சில நூறு கர்ப்பங்கள். கர்ப்பம் இல்லாதபோது குஷிங்கில் சுமார் 70 சதவீதம் பிட்யூட்டரி. கர்ப்பத்தில் கணக்கு தலைகீழ்: அட்ரினல் கட்டிதான் முன்னால் நிற்கும், 40 முதல் 50 சதவீதம். அட்ரினல் அடினோமா, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி, பெரும்பாலும் கார்டிசாலை மட்டும் சுரப்பதால் கருமுட்டை தப்பித்துவிடுகிறது என்பது சொல்லப்படும் விளக்கம்.

ஒரு விசித்திர வகையும் உண்டு. சிலருடைய அட்ரினலில், கர்ப்ப ஹார்மோனான எச்சிஜிக்கான ஏற்பி தவறுதலாக முளைத்திருக்கும். கர்ப்பம் தரித்தால் குஷிங் வரும், பிரசவமானால் தானே போய்விடும், அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வரும். "பிரசவம் முடியட்டும், சரியாகிவிடும்" என்பவர்களுக்கு இது ஒன்றுதான் சாதகமான உதாரணம். அதிலும்கூட அந்த ஒன்பது மாதமும் ஆபத்து ஆபத்துதான்.

15 பிப்ரவரி

காத்திருந்தால் என்ன ஆகும் என்று நேரடியாகவே கேட்டுவிட்டீர்கள். 2005இல் வெளியான ஒரு தொகுப்பு 136 கர்ப்பங்களைப் பார்த்தது. தாய்மாரில் 68 சதவீதத்துக்கு உயர் ரத்த அழுத்தம், 25 சதவீதத்துக்குச் சர்க்கரை. குழந்தைகளில் 43 சதவீதம் குறைமாதம், ஐந்தில் ஒன்றுக்கு வளர்ச்சிக் குறைவு. 2017இல் 263 கர்ப்பங்களைத் தொகுத்தபோது, கர்ப்பத்தின்போது நோய் இருந்தவர்களில் கரு இழப்பு சுமார் 24 சதவீதம். முன்பே குணமாகிப் பிறகு கருத்தரித்தவர்களில் 9க்கும் குறைவு. இவை அங்கங்கே பிரசுரமான தனிக் கேஸ்களின் கூட்டல். மோசமானவை அதிகம் பிரசுரமாகும் என்ற தள்ளுபடியை மனதில் வைத்துத்தான் நானும் படிக்கிறேன். அந்தத் தள்ளுபடி போக மிஞ்சுவதே போதுமான காரணம்.

அறுவை சிகிச்சைக்கு ஏற்ற காலம் நடு மூன்று மாதம். அதற்கு முன்னால் கருச்சிதைவுப் பயம். அதற்குப் பின்னால் கர்ப்பப்பை வளர்ந்து வழியை மறிக்கும், குறைப்பிரசவமும் பயமுறுத்தும். அட்ரினல் என்றால் லேப்ராஸ்கோப்பி. பிட்யூட்டரி என்றால் மூக்கு வழியாக. அட்ரினல் கட்டிகளில் சிறு பகுதி புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால் பெரிய கட்டியை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

மருந்தென்றால் அதிகம் கைகொடுத்திருப்பது மெட்டிராபோன். கார்டிசால் தயாரிப்பின் கடைசிப் படியை அது அடைக்கும். அடைத்த இடத்துக்குப் பின்னால் தேங்கும் பொருள் பிபியை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். ஏற்கெனவே பிபியோடு திண்டாடும் கர்ப்பிணிக்கு இது சில்லறை விஷயமில்லை. தேங்கும் இன்னொரு பொருளைச் சில ஆய்வகக் கருவிகள் கார்டிசால் என்றே எண்ணிவிடும். மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும், ரிப்போர்ட் இல்லை என்று சொல்லும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் அளக்கும் ஆய்வகம் கிடைத்தால் அங்கேயே கொடுங்கள்.

கீட்டோகோனசோல் ஆண் கருவின் பாலுறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் தவிர்க்கிறார்கள். மைட்டோடேன் கூடவே கூடாது. மிஃபிப்ரிஸ்டோன் கருவைக் கலைக்கும் மருந்து. குஷிங் மருந்துகளின் பட்டியலில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

16 பிப்ரவரி

நேற்றைய குறிப்பு, எல்லோரும் உடனே அறுவை மேசைக்குப் போக வேண்டும் என்பது போல ஒலிக்கிறது. அப்படியில்லை. லேசான குஷிங், பிபியும் சுகரும் மருந்துக்குக் கட்டுப்படுகின்றன, குழந்தை நன்றாக வளர்கிறது என்றால் கவனமாகப் பார்த்துக்கொண்டே பிரசவம் வரை போனவர்கள் உண்டு. ஏழு, எட்டு மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள் என்றாலும் மருந்தோடு தள்ளிச் சென்று, வசதியான நேரத்தில் பிரசவம் பார்ப்பதுதான் வழக்கம். கண்காணித்துக் காத்திருப்பதும், சும்மா காத்திருப்பதும் ஒன்றல்ல என்பதுதான் என் வாதம். மகப்பேறு மருத்துவர், எண்டோகிரைன் மருத்துவர், மயக்க மருத்துவர் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். என் விஷயத்தில் ரொம்ப நாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான்தான் தபால்காரி.

20 பிப்ரவரி

அம்மாவுக்கே இவ்வளவு கார்டிசால் என்றால் குழந்தை அதில் மூழ்கிவிடாதா என்று ஒருவர் பயந்திருந்தார். நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை வேலைக்காகாத கார்டிசோனாக மாற்றித்தான் உள்ளே விடும். அதிமதுரம் அந்த நொதியை முடக்கும். கர்ப்பத்தில் அதை அள்ளிச் சாப்பிடாதீர்கள். உமிழ்நீர்ச் சோதனையையும் அது கெடுக்கும், புகையிலையும் அப்படியே.

இதிலிருந்து இன்னொன்று. "அம்மாவிடம் ஸ்டீராய்டு வழிகிறதே, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்திருக்குமே?" என்று நானே என் மருத்துவரிடம் சாமர்த்தியமாகக் கேட்டேன். சிரித்துவிட்டார். குறைமாதம் என்றால் குழந்தையின் நுரையீரல் முதிரப் போடும் பீட்டாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை அந்த நொதி அவ்வளவாகத் தொடாது, அதனால்தான் அது குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. தாயின் சொந்தக் கார்டிசால் வாசலிலேயே நிற்கும்.

3 மார்ச்

தங்கைக்கு அட்ரினல் ஆபரேஷன் முடிந்தது, குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று தகவல். சந்தோஷம். இனி அவர் "முன்னைவிட மோசமாக இருக்கிறது" என்று புலம்புவார், பயப்படாதீர்கள்.

ஒரு அட்ரினல் அத்தனை காலம் அளவுக்கு மீறிச் சுரந்ததால் மற்றொன்று தூங்கிப்போயிருக்கும். கட்டி போனதும் உடம்பில் கார்டிசால் போதாது. அதை ஈடுகட்ட ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுப்பார்கள். கொடுத்தாலும், பழகிய அளவு இல்லையே என்று உடம்பு சண்டை போடும். மூட்டுக்கு மூட்டு வலி, குமட்டல், தோல் உரிவது. எனக்கு உள்ளங்கை மெல்லிய சவ்வாக உரிந்தது. சட்டைப் பொத்தானைப் போட விரல் மடங்கவில்லை.

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஹைட்ரோகார்டிசோன் ஊசிதான், காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்தில் வாந்தி சாதாரணம் என்பதால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கடைசி மூன்று மாதத்தில் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். பிரசவ வலி எடுத்ததும் நரம்பு வழி ஹைட்ரோகார்டிசோன் வேண்டும். அதை இப்போதே ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையும் அபாயம் இந்த நோயில் அதிகம், அதற்கான ஊசியைப் பற்றியும் கேளுங்கள்.

21 ஜூலை

இழையை மேலே கொண்டுவந்ததற்கு நன்றி. பெண் குழந்தை, சுகப்பிரசவம்! காயம் ஆறுவது இந்த நோயில் தாமதம் என்பதால், முடிந்தவரை சுகப்பிரசவம் நல்லது என்றே எனக்கும் சொன்னார்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாமா? வழக்கமான அளவு ஹைட்ரோகார்டிசோனோடு கொடுக்கலாம். குழந்தையின் அட்ரினல் மந்தமாக இருக்குமா? அரிதாக இருக்கலாம், மெட்டிராபோன் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் கூடுதல் கவனம் தேவை. முதல் சில நாட்கள் சர்க்கரை இறங்குகிறதா, பால் குடிக்கச் சோர்கிறதா என்று பார்ப்பார்கள்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கு யாரும் தேதி சொல்ல முடியாது. பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். காலை வேளை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்து, தூங்கிய அட்ரினல் விழித்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை ஆரம்பித்துவிடாதீர்கள். சுமக்கும் புரதம் மறுபடி ஏறி, கார்டிசால் போதுமான அளவு இருப்பது போல ரிப்போர்ட் காட்டும். அதை நம்பி ஹைட்ரோகார்டிசோனை நிறுத்தினால் மயங்கி விழ வேண்டியதுதான். கருத்தடை மாத்திரையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால், அந்தக் கருத்தடை மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.